பெயரும் பொருளும் படியும்: நிரல்மொழி எழுப்பும் ஓர் அறவினா

முன்னுரை

ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பதும் அப்பொருள் இருக்குமிடத்தை அறிந்திருப்பதும் ஒன்றல்ல. நூலக அட்டவணையில் ஒரு சுவடியின் எண்ணைக் குறித்துக்கொண்டவர் அச்சுவடியைப் பெற்றவர் ஆகார். தமிழகத்திற்கு வெளியேயுள்ள பல்கலைக்கழகங்களில் தமிழாய்வு செய்வோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் உள்ள ஏடுகளை அவர்கள் பெரும்பாலும் எண்ணாலும் பெயராலுமே அறிவர். படியெடுத்த தாளோ நிழற்படமோ கணினிக் கோப்போ வந்து சேர்ந்த பின்னரே அவற்றின் உள்ளடக்கத்தை அறிகின்றனர்.

பொருளைச் சுட்டும் சுட்டு, சுட்டப்படும் பொருளின் உள்ளடக்கம் என்னும் இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காண்பது மெய்யியலில் பழைய சிக்கல். இன்று அச்சிக்கல் கணினி நிரல்மொழிகளில் மிகத் தெளிவான வடிவில் மீண்டும் தோன்றியுள்ளது. தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றுவோரும் பதிப்பிப்போரும் அறிந்தோ அறியாமலோ அதனை எதிர்கொள்கின்றனர். ஒரே பொருளை இருவர் இரு பெயரால் வைத்திருக்கும்போது, ஒருவர் தம் பெயரின்வழிச் செய்யும் மாற்றத்திற்கு மற்றவரிடம் பொறுப்புடையவர் ஆவாரா? ஆவார் எனின், அப்பொறுப்பு எதனை அடிப்படையாகக் கொண்டது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பதிப்புப் பணியில் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றிலக்கியம் ஒன்றைப் பதிப்பிக்கும் பணியில் இக்கட்டுரையாளர் ஈடுபட்டிருந்தார். ஏட்டிலிருந்து முன்னரே கையால் பெயர்த்தெழுதப்பட்ட குறிப்பேடு ஒன்றே பணிக்கு அடிப்படை. அதிலுள்ளவாறே அடிகளைக் கணினியில் தட்டெழுதிய பின், ஆய்வு மாணவர் ஒருவர் பைத்தான் என்னும் நிரல்மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினார். நிரலின் பணிகள் மூன்று. தட்டெழுதிய பாடத்தை 'மூலம்' என்னும் பெயரில் வைத்துக்கொள்வது முதலாவது. அதன் படியொன்றில் வெளிப்படையான எழுத்துப் பிழைகளைக் களைந்து 'திருத்தம்' என்னும் பாடத்தை உருவாக்குவது இரண்டாவது. இரண்டையும் அடிதோறும் ஒப்பிட்டு வேறுபாடுகளை அட்டவணையாகத் தருவது மூன்றாவது.

நிரலை இயக்கியபோது வேறுபாடுகளின் எண்ணிக்கை 0 எனக் கிடைத்தது. குறிப்பேட்டை எழுதியவர் மிகுந்த கவனமுடையவர் என்பதைத் துறையில் அனைவரும் அறிவர். ஆதலின் அம்முடிவு எவருக்கும் வியப்பளிக்கவில்லை. திருத்திய பாடம் ஏட்டுப் பாடத்துடன் முழுமையாக ஒப்பிடப்பட்டது என்றும், மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை என்றும் முன்னுரையில் ஒரு பத்தியும் எழுதப்பட்டுவிட்டது. மெய்ப்புப் பார்க்கும்போது ஓர் அடியில் ஐயம் எழுந்தது. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தபோது அங்கு வேறு பாடம் இருந்தது. கணினியிலோ 'மூலம்' என்னும் கோப்பிலும் திருத்திய வடிவமே காணப்பட்டது. மேலும் தேடியபோது திருத்தப்பட்ட அடிகள் அனைத்தும் அவ்வாறே இருந்தன.

நிரல் பொய்யான முடிவைத் தரவில்லை. தன்னிடம் கேட்டதற்குச் சரியாகவே விடையளித்தது. ஆனால் அது இரண்டு பாடங்களை ஒப்பிடவில்லை. ஒரே பாடத்தை அதனுடனேயே ஒப்பிட்டது. தன்னோடு தான் வேறுபடும் பொருள் எதுவும் இல்லை. குறிப்பேடு கையில் இருந்தமையால் மூன்று மாத உழைப்பில் மூலத்தை மீண்டும் தட்டெழுத முடிந்தது. அக்குறிப்பேடு இல்லாதிருந்தால், எவரும் பொய் சொல்லாமலேயே ஒரு பொய் அச்சேறியிருக்கும்.

நிரல்மொழியில் பெயரும் பொருளும்

பிழை நேர்ந்த இடம் நிரலின் ஒரே ஒரு வரி. 'திருத்தம் = மூலம்' என்பதே அவ்வரி. இதனை எழுதிய மாணவர், மூலத்தின் படியொன்று திருத்தம் என்னும் பெயரில் உண்டாகும் எனக் கருதினார். கணக்கில் சமக்குறியைக் கற்ற எவரும் அவ்வாறே கருதுவர். பைத்தான் மொழியிலோ அவ்வரி எதனையும் படியெடுப்பதில்லை. முன்னரே ஒரு பெயரால் சுட்டப்படும் பொருளுக்கு இன்னொரு பெயரை இடுகிறது, அவ்வளவே. அதன்பின் திருத்தம் என்னும் பெயரின்வழிச் செய்யும் மாற்றம் மூலம் என்னும் பெயரின்வழி நோக்குவோர்க்கும் தோன்றும்.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் உருவாக்கி 1991இல் முதன்முதலாக வெளியிட்ட இம்மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கூறுகள் உண்டு. அவை பொருளின் தன்னடையாளம், அதன் வகை, அதன் மதிப்பு என்பன. பெயர் என்பது பொருளை உள்ளடக்கிய பெட்டி அன்று. பொருளின்மேல் கட்டிய ஓலைத்துணுக்கு எனலாம். ஒரு பொருளின்மேல் எத்தனை ஓலைத்துணுக்குகளையும் கட்டலாம். பெயரைச் செயல்கூறு ஒன்றிடம் ஒப்படைக்கும்போதும் பொருளின் படி செல்வதில்லை, சுட்டே செல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிசுகோவும் அவர்தம் மாணவர்களும் 1970களில் உருவாக்கிய சி.எல்.யு. என்னும் மொழியில் இம்முறைக்குப் 'பகிர்வு வழி அழைத்தல்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். பகிர்வு என்னும் சொல் இங்கு மிகப் பொருத்தமானது.

எந்தப் பெயரும் சுட்டாத நிலையை அடைந்த பொருள் நினைவகத்திலிருந்து நீக்கப்படும் என்பதும் இம்மொழியின் இயல்பு. மேற்கூறிய நிகழ்வில் ஓர் அடியின் பழைய பாடத்திற்குப் பதிலாகப் புதிய பாடம் வைக்கப்பட்டபோது, பழைய பாடத்தைச் சுட்ட ஒரு பெயரும் எஞ்சவில்லை. ஆதலின் அது மறைந்தது. மூலம் என்னும் பெயர் மட்டும் அழியாமல் நின்று, தான் காத்திராத ஒன்றைக் காத்ததுபோலக் காட்டியது.

எல்லா நிரல்மொழிகளும் இவ்வாறு அமைந்தவை அல்ல. பெர்ல் மொழியில் ஓர் அணியை இன்னோர் அணிக்கு ஈடாக எழுதினால் உறுப்புகள் படியெடுக்கப்படும். சுட்டு வேண்டுமாயின் அதனை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். பி.எச்.பி. மொழியின் வரலாறு இன்னும் கருதத்தக்கது. அதன் நான்காம் பதிப்பில் ஒரு பொருளை வேறொரு பெயருக்கு ஈடாக்கினால் படி உண்டாயிற்று. 2004இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அதே வரி பகிர்வைக் குறிப்பதாயிற்று. வரியின் எழுத்து மாறவில்லை. அதன் பொருளே மாறிற்று. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பின் காரணம் மேலோட்டமாக நோக்கும்போது விளங்காது என்னும் கருத்தைத் தொல்காப்பியர் உரியியலில் கூறுவார். நிரல்மொழியின் குறிகளுக்கும் அக்கருத்து பொருந்துகிறது. குறியைப் பார்த்த அளவில் அது படியா பகிர்வா என்பது புலனாவதில்லை. அம்மொழியை அமைத்தோர் கொண்ட உடன்பாட்டை அறிந்தாலன்றி அதனை உணர இயலாது.

ஒன்றாதலும் ஒத்திருத்தலும்

பைத்தான் மொழி இரண்டு வினாக்களை எழுப்ப இரண்டு குறிகளைத் தருகிறது. இரட்டைச் சமக்குறி, இரு பொருள்களின் உள்ளடக்கம் ஒத்திருக்கிறதா என வினவும். 'இஸ்' என்னும் குறி, இரு பெயர்களும் சுட்டுவது ஒரே பொருளையா என வினவும். ஒரே அடிகளைக் கொண்ட இரு தனிப் பட்டியல்களை உருவாக்கினால் முதல் வினாவிற்கு ஆம் என்றும் இரண்டாம் வினாவிற்கு அன்று என்றும் விடை வரும்.

இவ்விரு குறிகளுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. புதியதொரு பொருள்வகையை உருவாக்கும் நிரலர், அவ்வகைப் பொருள்கள் எப்போது ஒத்தவை எனக் கொள்ளப்படும் என்பதைத் தாமே வரையறுக்கலாம். ஒன்றாதலை அவ்வாறு வரையறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஒத்திருத்தல் என்பது மனிதர் தம் நோக்கத்திற்கேற்ப அளக்கும் அளவு. ஒன்றாதலோ அளப்பவரைச் சார்ந்து மாறுவதன்று.

பதிப்பாசிரியர்களுக்கு இது புதிய செய்தி அன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடுவது அரிது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ஆதலின் இரண்டு ஏடுகளின் பாடம் ஒன்றா வேறா என்பதை முடிவுசெய்யும்போது, எவ்வேறுபாட்டை வேறுபாடாகக் கொள்வது என்பதைப் பதிப்பாசிரியரே வரையறுத்தாக வேண்டும். கணினியிலும் இந்நிலை தொடர்கிறது. ஒருங்குறி முறையில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் ஆகிய இரு குறியெண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவ்விரு வடிவங்களும் தம்முள் சமமானவை என ஒருங்குறித் தரமே கூறுகிறது. எனினும் இரண்டையும் முன்னரே ஒரே வடிவிற்குக் கொண்டுவராமல் பைத்தானில் ஒப்பிட்டால் அவை ஒத்தவை அல்ல என்னும் விடையே கிடைக்கும்.

மேற்கூறிய பதிப்புப் பணியில் பிழையைக் களைந்தபின் இச்சிக்கலும் எழுந்தது. முதலில் வேறுபாடு உள்ள இடத்தில் இல்லை என்ற நிரல், இப்போது எவர் கண்ணுக்கும் புலப்படாத வேறுபாடுகளைப் பக்கம் பக்கமாகக் காட்டியது. ஒரே நூலின் பகுதிகளை இருவர் இரு வேறு விசைப்பலகை மென்பொருள்களால் தட்டெழுதியதே அதற்குக் காரணம். முன்னது ஒன்றானதை இரண்டெனக் கருதிய மயக்கம். பின்னது ஒத்தவற்றை வேறெனக் கருதிய மயக்கம். பின்னதைக் கண்ணால் கண்டு நீக்கலாம். முன்னதோ எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றுவதால் எளிதில் அகப்படுவதில்லை.

மெய்யியல் நோக்கு

உள்ளடக்கத்தால் சிறிதும் வேறுபடாத இரு பொருள்கள் இருத்தல் இயலாது என்பது செருமானிய மெய்யியலார் இலைப்னிட்சின் கொள்கை. எல்லாப் பண்புகளும் ஒத்தால் அவை இரண்டல்ல. ஒன்றே என்பது அவர் துணிபு. 1781இல் வெளிவந்த தம் நூலில் காண்ட் இதனை மறுத்தார். இரு நீர்த்துளிகள் பண்பால் முற்றிலும் ஒத்திருப்பினும் ஒரே நேரத்தில் வெவ்வேறிடங்களில் இருத்தலே அவற்றை இரண்டெனக் கொள்ளப் போதும் என்பது அவர் வாதம். நிரல்மொழி இங்குக் காண்டின் பக்கம் நிற்கிறது. வெறுமையான இரு பட்டியல்களுக்கு உள்ளடக்கமே இல்லை. எனினும் அவை இரண்டு. ஒன்றில் ஓர் அடியைச் சேர்த்தால் மற்றது வெறுமையாகவே இருக்கும்.

ஒரு பொருளை இரு பெயர்கள் சுட்டும் நிலையை 1892இல் எழுதிய கட்டுரையில் பிரெகே ஆராய்ந்தார். வைகறையில் தோன்றும் வெள்ளியும் மாலையில் தோன்றும் வெள்ளியும் ஒரே கோள். ஆயினும் இரு பெயர்களும் நமக்கு உணர்த்தும் கருத்து வேறு. ஆகவேதான் இரண்டும் ஒன்றே என்பது புதிய அறிவாகிறது. நம் நிகண்டுகள் ஒருபொருட் பல்பெயர்களையும் ஒருசொல் பல்பொருட் பெயர்களையும் தனித்தனியே தொகுத்தமை, பெயரும் பொருளும் ஒன்றுக்கொன்று என அமைவதில்லை என்னும் தெளிவைக் காட்டும். சொல்லால் பொருளை அறிதலும் சொல்லால் அச்சொல்லையே அறிதலும் உண்டு எனப் பெயரியலில் தொல்காப்பியர் வகுத்தது இங்கு நினைக்கத்தக்கது. மூலம் என்னும் பெயர் நிரலில் ஒரு பொருளைச் சுட்டியது. படித்த எங்களுக்கோ அச்சொல் தன் வழக்குப் பொருளை உணர்த்திற்று. மூலம் எனப் பெயரிட்டதனாலேயே அது மூலமாக இருக்கும் என நம்பினோம். பெயரின் பொருண்மையை எங்கள் மனம் தந்தது, நிரல் தரவில்லை.

மாறும் பொருள் மாறிய பின்னும் அதுவே எனலாமா என்னும் வினா இந்திய மெய்யியலில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றுகின்றன என்பர் பௌத்தருள் ஒரு சாரார். அவ்வாறாயின் வினை செய்தவன் ஒருவனாகவும் பயன் நுகர்பவன் வேறொருவனாகவும் முடியும் என்பது அதற்கு எதிராகக் கூறப்பட்ட பெருந்தடை. நீலகேசியும் சிவஞான சித்தியார் பரபக்கமும் பௌத்தரை மறுத்து வாதிட்ட தமிழ் நூல்கள். பைத்தான் மொழியில் இவ்விரு நோக்குகளுக்கும் ஒப்பான அமைப்புகள் அருகருகே உள்ளன. பட்டியல் என்பது உறுப்புகள் மாறினும் தன்னடையாளம் மாறாதது. எழுத்துச்சரம் என்பது ஒருமுறை தோன்றியபின் மாற்றவே இயலாதது. அதில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டின் புதிய சரமே உண்டாக்கப்படும். பழையது அவ்வாறே நிற்கும். இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் கூடாது. எனினும் ஒன்று தெளிவு. பொறுப்பு என்பதைப் பேச வேண்டுமாயின், மாற்றத்திற்கு முன்னும் பின்னும் நிற்கும் ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலவேண்டும். முன்பிருந்த நிலை எங்கும் எஞ்சாதபோது மாற்றம் நிகழ்ந்ததையே நிறுவ முடியாது.

மேலோட்டப் படியும் ஆழ்படியும்

பிழையின் காரணத்தை அறிந்த மாணவர் நிரலைத் திருத்தினார். மூலத்தின் உறுப்புகளைக் கொண்ட புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கி அதற்குத் திருத்தம் எனப் பெயரிட்டார். 'இஸ்' குறியால் சோதித்தபோது இரண்டும் வெவ்வேறு பட்டியல்களே என உறுதியாயிற்று. மீண்டும் நிரலை இயக்கியபோதோ வேறுபாடு 0 என்றே கிடைத்தது.

இதன் காரணம் எளியது. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் அடியெண்ணும் பாடமும் கொண்ட ஒரு சிறு பட்டியல். வெளிப்பட்டியல் புதிதாயினும் அதனுள் இருந்தவை பழைய சிறுபட்டியல்களைச் சுட்டும் சுட்டுகளே. உள்ளடக்கம் எனக் கருதியதும் சுட்டுகளின் தொகுதியாகவே இருந்தது. புதிய பேழை செய்து அதில் பழைய பேழையின் திறவுகோல்களை வைத்ததற்கு இது நிகர். இதனை மேலோட்டப் படி எனலாம். அகத்தே உள்ளவற்றையும் தொடர்ந்து சென்று படியெடுப்பது ஆழ்படி. அதற்கென அமைந்த செயல்கூறு பைத்தானில் உண்டு. அதனைப் பயன்படுத்திய பின்னரே ஒப்பீடு உண்மையான ஒப்பீடாயிற்று.

இங்கு ஒரு பொதுவுண்மை புலனாகிறது. சுட்டு, உள்ளடக்கம் என்னும் பகுப்பு நிலையான இரு கூறுகள் அல்ல. ஒரு நிலையில் உள்ளடக்கமாக இருப்பது அடுத்த நிலையில் சுட்டாக இருக்கக்கூடும். ஆய்வுக் கட்டுரையில் வரும் மேற்கோளும் இத்தகையதே. மூலநூலைக் காணாது, அதனை மேற்கோள் காட்டிய மற்றொரு நூலிலிருந்து எடுத்தாளும் மேற்கோள் தோற்றத்தால் உள்ளடக்கம். தன்மையால் பிறர் சுட்டிய சுட்டின் சுட்டு. எத்தனை படி ஆழம் சென்று பார்த்தோம் என்பதைச் சொல்லாதவரை, பார்த்தோம் என்னும் சொல்லுக்கு முழுப் பொருள் இல்லை.

சான்றும் தனித்திருத்தலும்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்திற்கு வரலாம். உள்ளடக்கம் ஒத்திருத்தல் எப்போது சான்றாகும்? ஒத்திருப்பவை ஒன்றாக இல்லாதபோது மட்டுமே சான்றாகும்.

ஒரு நிகழ்ச்சியைக் கண்ட இருவர் தனித்தனியே கூறும் கூற்று ஒத்திருந்தால் அதற்கு வலிமை உண்டு. இரண்டாமவர் முதலாமவரிடம் கேட்டதையே திருப்பிச் சொன்னால் சாட்சிகள் இருவர் அல்லர், ஒருவரே. பாடவாய்வு இக்கொள்கையின்மேல் எழுந்தது. ஓர் ஏட்டிலிருந்து நேராகப் பெயர்த்தெழுதப்பட்டது எனத் தெளிவாகும் மற்றோர் ஏட்டிற்குத் தனிச்சான்றுத் தகுதி இல்லை என்பது ஐரோப்பியப் பாடவாய்வாளர் வகுத்த நெறி. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஒரு பிரதியோடு அமையாமல் பல இடங்களிலிருந்தும் பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டார். வெவ்வேறு கைகளால் வெவ்வேறிடங்களில் எழுதப்பட்டவை என்பதனாலேயே அவற்றின் ஒற்றுமைக்கும் வேற்றுமைக்கும் மதிப்பு உண்டாகிறது.

ஏடெழுதியோர் காலத்தில் ஒவ்வொரு படியும் ஆழ்படியாகவே இருந்தது. அவர்கள் பிழை செய்தனர். சிலர் தம் கருத்திற்கேற்பத் திருத்தவும் செய்தனர். ஆயினும் ஒருவர் கைப்பிழை அவர் எழுதிய ஏட்டையும் அதன்வழித் தோன்றிய படிகளையும் மட்டுமே கெடுத்தது. வேறூரில் இருந்த ஏட்டைத் தொடவில்லை. படியெடுத்தலின் குறையாகிய பிழைபெருக்கமே, பிழையைக் கண்டறியும் வழியாகவும் அமைந்தது. பல கிளைகளாகப் பிரிந்த பாடங்கள் ஒன்றையொன்று திருத்தின.

பகிர்வு முறையில் இவ்வழி அடைபடுகிறது. ஒரு கோப்பைப் பலர் பல பெயரால் அணுகும்போது, ஒருவர் செய்யும் மாற்றம் அனைவர்க்கும் ஒரே கணத்தில் உண்மையாகிவிடுகிறது. அனைவரும் ஒத்துக் கூறுவர். ஆனால் அவ்வொற்றுமைக்குச் சான்று மதிப்பு இல்லை. எங்கள் நிரல் தந்த 0 என்னும் எண் இத்தகைய ஒற்றுமையே. ஆதலின் சுட்டை உள்ளடக்கமாக மயங்குதல் தொழில்நுட்பக் குறைபாடு மட்டும் அன்று. ஒரு சாட்சியை இரு சாட்சிகளாகக் காட்டும் அறக்குறைபாடும் ஆகும்.

பகிர்தலின் அறம்

அங்ஙனமாயின் எப்போதும் ஆழ்படி எடுத்தலே அறம் எனலாமோ எனின், அதுவும் பொருந்தாது. படியெடுத்தல் தொடர்பை அறுக்கிறது. பதிப்பில் ஒரு பிழை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டால், முன்னரே எடுக்கப்பட்ட படிகளை அத்திருத்தம் சென்றடைவதில்லை. தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் கோப்புகள் உலகெங்கும் தடையின்றிப் படியெடுக்கப்பட்டன. அப்பணி தமிழாய்விற்குச் செய்த உதவி பெரிது. ஆயினும் அவ்வாறு எடுத்த படியைத் தன்னிடம் வைத்திருப்பவர், மூலக்கோப்பில் பின்னர் நேர்ந்த திருத்தத்தைத் தாமாகத் தேடிச் சென்றாலன்றி அறிய வழியில்லை. படி பெற்றவர் விடுதலையும் பெற்றார். அதனுடன் தனிமையையும் பெற்றார்.

மேலும் சில பொருள்கள் பகிர்வுக்கென்றே உள்ளவை. ஒரு துறையின் நூற்பட்டி, சொல்லடைவு, அகராதிப் பணியின் சொற்கோப்பு ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே படியெடுத்து வளர்த்தால், சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று பொருந்தாத பல கோப்புகளே எஞ்சும். அங்கு ஒருவர் திருத்தம் அனைவர்க்கும் சேர்தலே முறை. பைத்தான் மொழியை அமைத்தவர் பகிர்வை இயல்பு நிலையாகக் கொண்டதற்கும் தக்க காரணம் உண்டு. பெரும் பொருள்களைப் பெயரிடுந்தோறும் படியெடுத்தால் காலமும் நினைவகமும் வீணாகும்.

ஆகவே படியோ பகிர்வோ தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. சான்றாக நிற்க வேண்டியதைப் பகிர்ந்து மாற்றுதல் தவறு. வளர்ந்துவர வேண்டியதைப் படியெடுத்துப் பிரித்தல் தவறு. இவ்விரண்டினும் பெரிய தவறு, எதனைச் செய்தோம் என்பதை மறைத்தலும் அறியாதிருத்தலும்.

பொறுப்பு யாருடையது

அறியாமல் செய்ததற்குப் பொறுப்பு உண்டா என்னும் வினா எஞ்சுகிறது. மாணவர் எழுதியது ஒரு சமக்குறி. அதன் பொருளை அவர் பிறழ உணர்ந்தார். நிரல்மொழி தன் விதியை மறைக்கவில்லை. அதன் ஆவணங்களில் அது தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது. முடிவை ஏற்றுக் கையெழுத்திட இருந்தவர் நெறியாளராகிய இக்கட்டுரையாளர். 0 என்னும் எண்ணைக் கண்டபோது ஒரேயோர் அடியையேனும் குறிப்பேட்டுடன் வைத்துப் பார்த்திருக்க வேண்டியவரும் அவரே. விரும்பிய முடிவு கிடைத்தபோது அதனைச் சோதிக்க மனம் வரவில்லை. அறியாமை மாணவருடையது, சோதியாமை நெறியாளருடையது. இவ்விரண்டில் பின்னதே கடுமையான குறை எனத் தோன்றுகிறது. ஏனெனில் அறியாதவர் தாம் அறியாததைத் தேட இயலாது. சோதிக்க வேண்டியவரோ சோதனை தேவை என்பதை அறிந்தே அப்பணியை ஏற்றவர்.

இதிலிருந்து பதிப்பாசிரியர்க்கும் கணினிவழித் தமிழாய்வு செய்வோர்க்கும் சில கடமைகள் புலனாகின்றன. ஏட்டுப் பாடத்தைத் தட்டெழுதிய கோப்பு மாற்ற இயலாத நிலையில் தனியே காக்கப்படவேண்டும். திருத்தங்கள் அதன்மேல் செய்யப்படாமல், எந்த அடியில், எந்தச் சொல்லில், யாரால், எக்காரணம்பற்றி என்னும் குறிப்புடன் தனிக்கோப்பாக அமையவேண்டும். ஒப்பீட்டு நிரலை நம்புமுன், வேண்டுமென்றே ஒரு பிழையை ஒரு பக்கத்தில் மட்டும் நுழைத்து, நிரல் அதனைக் காட்டுகிறதா எனச் சோதிக்கவேண்டும். வேறுபாட்டைக் காட்டவல்லது என நிறுவப்படாத நிரல், வேறுபாடு இல்லை என்று கூறுவதற்கு மதிப்பில்லை. இறுதியாக, ஒப்பிடப்பட்டது என முன்னுரையில் எழுதுவோர் எதனோடு எது ஒப்பிடப்பட்டது, இரண்டும் எவ்வழி வந்தன என்பதையும் எழுதவேண்டும்.

முடிவுரை

பெயர் பொருளைச் சுட்டும்; பொருள் ஆகாது. ஒரு பொருளைப் பெயரால் பெற்றவர், அதே பொருளைப் பிற பெயர்களால் பெற்றிருக்கும் அனைவருடனும் ஓர் உறவைப் பெறுகிறார். அவர் செய்யும் மாற்றம் அவர்தம் பெயரின் எல்லைக்குள் அடங்குவதில்லை. ஆதலின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை, அவர் மற்றவர்க்குப் பொறுப்புடையவரே என்பதாம். தம் பெயர் பொருளின் தனிப்படியைச் சுட்டுகிறதா, பகிர்ந்த பொருளையே சுட்டுகிறதா என்பதை மாற்றுமுன் அறிதலும், அறிந்ததைப் பிறர்க்கு அறிவித்தலும் அப்பொறுப்பின் இரு பகுதிகள்.

அப்பதிப்பின் முன்னுரை மாற்றி எழுதப்பட்டது. திருத்திய இடங்கள் பின்னிணைப்பாகத் தரப்பட்டன. பாடம் எதுவும் மாற்றப்படவில்லை என்ற பழைய பத்தி நீக்கப்பட்டது. குறிப்பேடு இப்போது துறை நூலகத்தில் தனி எண்ணுடன் வைக்கப்பட்டுள்ளது. அவ்வெண்ணும் ஒரு சுட்டே. அதனைக் குறித்துக்கொள்வோர் குறிப்பேட்டையும் ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும்.